ரப்பி மேலே எழும்பிய வெள்ளிக்கிழமைகள்

உப்பாற்றுமுனையில் யூதர் வீடுகள் மொத்தம் பதினொன்றுதான், ஆனாலும் அந்தப் பதினோரு வீட்டையும் கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று பேர் இருந்தார்கள்: சட்டம் சொல்ல ரப்பி நெகேமியா, கூட்டத்துக்கு முன்னால் நின்று பாடித் தொழுகையை நடத்த ஹஸான் எசேக்கியேல், முறைப்படி கோழியும் ஆடும் அறுத்துக் கொடுக்க பாருக். ரப்பி மழை வரும் என்று சொன்னால் எசேக்கியேல் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவார், அவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றால் இதற்கெல்லாம் மழை என்று பெயர் கிடையாது என்பார் பாருக். இப்படியே இருபது வருஷம் ஓடியிருந்தது, கடவுளும் அந்த ஊரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை.

எசேக்கியேலுக்கு நல்ல குரல். அது அவருக்கும் தெரியும், தெரியும் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு. வார நாட்களில் மீன் வலைக் கடையைத் திறக்கிற அவசரத்தில் காலைத் தொழுகையைப் பன்னிரண்டு நிமிஷத்தில் முணுமுணுத்து முடித்துவிடுவார், சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுநாள் பிறக்கிற வேளையில், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுத் தொழுகைக் கூடத்துக்கு வந்து தொண்டையைக் கனைத்தார் என்றால் தெருமுனை டீக்கடையில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். ரப்பி மட்டும் அந்தப் பாட்டுக்குத் தூங்குவார். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டிய பாட்டுக்கு முழங்கால் வலி என்று சொல்லி உட்கார்ந்துகொள்வார், உட்கார்ந்தால் தலை தொங்கிவிடும். இருபது வருஷமாகத் தன் பாட்டுக்கு ஒருத்தர் தூங்குகிறார் என்பதை எசேக்கியேல் ஒரு வெள்ளிக்கிழமைகூட மறந்ததில்லை.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சூரியன் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஓய்வுநாளை மணப்பெண்ணாக நினைத்து அழைக்கிற பாட்டை எசேக்கியேல் பாடினார். அதன் கடைசிச் சரணத்துக்கு எல்லோரும் வாசல் பக்கம் திரும்பி, உள்ளே வருகிற பெண்ணுக்கு இடுப்பை வளைத்து வணக்கம் சொல்வது வழக்கம். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ரப்பி தம்முடைய நாற்காலிக்கு இரண்டு சாண் மேலே, உட்கார்ந்த வாக்கிலேயே, தொந்தியின்மேல் கைகளைக் கோத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

பாருக்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ரப்பி ஐயா, மூக்குக் கண்ணாடி கீழ விழப்போவுது, பாத்துக்கிடும்."

ரப்பி கண் விழித்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், குனிந்து நாற்காலியைப் பார்த்தார். "சரி, மீதியை முடியுங்க," என்றார்.

மறுநாள் சாயங்காலம் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் கழிந்து, எசேக்கியேல் வழக்கமான அவசரத்தில் வார நாள் தொழுகையை முணுமுணுத்தபோதுதான் அவர் இறங்கினார். அதுவரைக்கும் சாப்பாட்டை அங்கேயே எட்டிக் கொடுத்தார்கள். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் முந்தின நாளே தணலில் ஏற்றி வைத்த ஆட்டுக்கறிச் சோற்றை அவர் மனைவி ரிப்கா ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார், இரண்டாம் தடவை கேட்டபோது, "மேல போனவருக்குப் பசி மட்டும் கீழயே இருக்கும்போல," என்று சொல்லிக்கொண்டே போட்டார். அடுத்த வெள்ளி நான்கு சாண், அதற்கடுத்த வெள்ளி ஆள் உயரம். தொண்ணூற்றெட்டுக் கிலோ மனுஷர் என்பதால் அதிகம் போகமாட்டார் என்று ஐஸ் கம்பெனியில் எடை போடுகிறவர் உத்தரவாதம் கொடுத்திருந்தார், பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஓய்வுநாள் புனிதமானது, ரப்பி புனிதமானவர், இரண்டு புனிதம் சேர்ந்தால் ஏதாவது நடக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கவலையெல்லாம் வேறு. ரப்பியின் பித்தவெடிப்புக் குதிகால்கள் தொழுகிறவர்களின் மூக்குக்கு நேராக வந்து நின்றன. குதிகாலைப் பார்த்துக்கொண்டு கடவுளைக் கும்பிடலாமா என்று ஒரு வாரம் பேசினார்கள், ரிப்கா விளக்கெண்ணெய் தடவிவிட்ட பிறகு கும்பிடலாம் என்று முடிவாயிற்று. நான்காம் வாரம் அதைவிடப் பெரிய சங்கடம் வந்தது. பெண்கள் மாடத்தில்தான் உட்காரவேண்டும், ஆண்கள் கீழேதான் நிற்கவேண்டும் என்று முந்நூறு வருஷமாகக் காப்பாற்றி வந்த வழக்கத்தை ரப்பியே உடைத்துக்கொண்டு, மாடத்துக் கைப்பிடிக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டார். பெண்களுக்கு அது வசதியாகப் போயிற்று. பாத்திரம் தொடங்கி மாமியார் வரைக்கும் அவர்கள் கேட்க நினைத்து, கீழே இருக்கிற ஆண்கள் வழியாகச் சொல்லியனுப்பி, ஒருபோதும் பதில் வராத கேள்விகளையெல்லாம் அன்றைக்கு ரப்பியின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். தப்பித்து ஓட வழியில்லாத ரப்பி ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

ஆண்களுக்கு இது பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, ரப்பியைக் கயிற்றால் தூணில் கட்டிவிடுவது என்று பேசினார்கள். ஓய்வுநாளில் முடிச்சுப் போடுவதும் குற்றம், அவிழ்ப்பதும் குற்றம், அதனால் வெள்ளிக்கிழமை சூரியன் இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். எந்த முடிச்சு என்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. படகுக்குப் போடுகிற முடிச்சு என்றார் எசேக்கியேல், கிடாய்க்குப் போடுகிற முடிச்சு என்றார் பாருக், இரண்டுமே தம் மரியாதைக்குக் குறைச்சல் என்றார் ரப்பி. கடைசியில் மாடத்துக்கு ஒரு முழம் கீழே தலை நிற்கிற அளவுக்குக் கயிற்றை அளந்து, படகு முடிச்சையே போட்டார்கள். பெண்கள் ஒரு மாதத்துக்கு அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள்.

ரப்பிக்கு நாளுக்கு நாள் களை கூடிக்கொண்டே போயிற்று. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வெள்ளிக்கிழமை பார்க்க வந்து வாசலில் நின்றார்கள், மாதா கோயில் சாமியார்கூட ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ரப்பி மேலே இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார், வழக்கத்தைவிட நீளமாகப் பிரசங்கம் செய்தார், கீழே குனிந்து பேசுவதற்கு ஒரு கனிந்த குரலைப் பழகிக்கொண்டார். எசேக்கியேலின் பாட்டை இப்போது யாரும் கேட்கவில்லை. டீக்கடையில் ரேடியோவை அணைத்தார்கள், ஆனால் அணைத்துவிட்டுச் சன்னல் வழியாக ரப்பியைப் பார்க்க ஓடி வந்தார்கள். வாசல் பக்கம் திரும்ப வேண்டிய சரணத்துக்குக்கூட ஒருத்தரும் திரும்பவில்லை, மணப்பெண் தானாக வந்து தானாக உட்கார்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. எசேக்கியேலுக்கு வயிறு எரிந்தது. அதை வேறு நாகரிகமான பெயர் சொல்லி மறைக்க வேண்டியதில்லை, அது அப்பட்டமான பொறாமைதான்.

ஏழாம் வாரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வியாழக்கிழமை வெயிலில் ஐஸ் போட்ட நுங்கு சர்பத்தை இரண்டு டம்ளர் குடித்ததன் பலன். வெள்ளிக்கிழமை அவர் குரல் கரகரவென்று, துருப்பிடித்த கதவைத் திறந்து மூடுவதுபோல வந்தது, ரப்பி முழங்கால் உயரத்துக்கு மேலே எழும்பவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது. ரப்பிக்கு அவமானமாகிவிட்டது. தம்மிடம் ஏதோ பாவம் சேர்ந்துவிட்டது என்று யோசித்து யோசித்து, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ரிப்காவிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று ரிப்கா கேட்டதற்கு, பொதுவாக என்றார்.

எசேக்கியேலுக்கு மட்டும் பொறி தட்டியது. அடுத்த வாரம் தொண்டை சரியானதும் சோதித்துப் பார்த்தார். சுருதி சுத்தமாக ஒரு நீளமான இழுப்பு இழுத்தார், ரப்பி விர்ரென்று கயிறு விறைக்கும்வரை போனார். வேண்டுமென்றே ஒரு இடத்தில் சறுக்கினார், ரப்பி ஒரு சாண் இறங்கினார். மறுபடி இழுத்தார், மறுபடி ஏறினார். பாடுவதை நிறுத்திப் பார்த்தார், இருந்த இடத்திலேயே இருந்தார். கிணற்று வாளியை விடுவதும் இழுப்பதுமாக அன்றைக்கு ரப்பியை எட்டுத் தடவை ஏற்றி இறக்கினார், இருபது வருஷத்துத் தூக்கத்துக்கும் சேர்த்து அவருக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

வெளியே சொல்லலாம்தான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தார். நம்பமாட்டார்கள், நம்பினால் அதைவிட மோசம், ரப்பி பத்திரமாகத் தரையில் இருக்கட்டும், நீர் இனிமேல் மட்டமாகவே பாடும் என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டார். ஓய்வுநாள் ஒரு பாதி, தன் குரல் ஒரு பாதி, இரண்டும் சேர்ந்துதான் ரப்பியைத் தூக்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கில்தான் தப்பு இருந்தது.

ஆவணியில் அவருடைய மகள் சிப்போராவுக்குக் கல்யாணம். தாயில்லாப் பிள்ளை, தபால் ஆபீசில் வேலை பார்த்தாள், கொச்சியில் இருந்து மாப்பிள்ளை. செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்ததும் டீக்கடையில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். உலகத்தைப் படைத்தபோது மூன்றாம் நாளான செவ்வாயைத்தான் கடவுள் நல்லது என்று இரண்டு தடவை சொன்னார், யூதனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது என்று எசேக்கியேல் விளக்கிச் சொல்லியும் அவர்கள் பாதி மனதோடுதான் மொய் எழுத வந்தார்கள்.

"அப்பா," என்றாள் சிப்போரா முந்தின நாள், அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. "நாளைக்கு வெள்ளிக்கெழம பாடுத மாதிரி பாடணும். மத்த நாள் மாதிரி ஓட்டிராதீங்க. அவங்க வீட்டுல எல்லாரும் பாட்டுக் கேக்கவே வாராங்க. நான் அவ்வளவு பீத்திருக்கேன்."

"வெள்ளிக்கெழம பாடுததெல்லாம் சும்மா," என்றார் எசேக்கியேல். "நாளைக்குக் கேளு."

உப்பாற்றுமுனை யூதர்கள் தொழுகையை உள்ளே செய்வார்கள், கல்யாணத்தை மட்டும் திறந்த வானத்துக்குக் கீழே கடற்கரை மணலில் செய்வார்கள். நான்கு பேர் நான்கு கம்புகளைப் பிடிக்க, மேலே ஒரு பட்டுத்துணிப் பந்தல், அதற்குக் கீழே பெண்ணும் மாப்பிள்ளையும் ரப்பியும் ஹஸானும். சூரியன் சாய்கிற நேரம். கயிற்றைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை ரப்பி எதற்கு எழும்பப் போகிறார்?

ரப்பி ஒப்பந்தத்தை வாசித்தார், திராட்சை ரசத்துக்கு ஆசி சொன்னார். பிறகு ஏழு வாழ்த்துகள், அது ஹஸான் பாட வேண்டியது. எசேக்கியேல் கண்களை மூடிக்கொண்டார். இறந்துபோன மனைவியை நினைத்துக்கொண்டார், அவள் நின்றிருக்க வேண்டிய இடத்தை நினைத்துக்கொண்டார், முதல் வாழ்த்தை எடுத்தார். இதுவரை அவர் அப்படிப் பாடியதில்லை. கொச்சிச் சம்பந்தி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார், முக்காட்டுக்குள் சிப்போரா அழ ஆரம்பித்தாள், படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள். இரண்டாம் வாழ்த்து முடிந்தபோது பந்தல் துணி நடுவில் ஒரு தலை அளவுக்குப் புடைத்திருந்தது. மூன்றாம் வாழ்த்தில் அந்தப் புடைப்பு மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, ரப்பியாக மேலே போயிற்று.

கூட்டம் இரைந்ததைக் கேட்டுத்தான் எசேக்கியேல் கண்ணைத் திறந்தார். ரப்பி பனைமர உயரத்தைத் தாண்டியிருந்தார். ஆவணி மேல்காற்று அவரைக் கிழக்கே, கடலுக்கு மேலே தள்ளிக்கொண்டு போயிற்று. ரிப்கா மணலில் ஓடினார், ஓடிப் பிடிக்கிற தூரத்தில் எதுவும் இல்லை என்று தெரிந்தும் ஓடினார்.

"எசேக்கியேலு," மேலேயிருந்து குரல் வந்தது. கனிந்த குரல் இல்லை, பயந்துபோன கிழவருடைய குரல். "இன்னைக்குச் செவ்வாக்கெழமல்லாவே."

எசேக்கியேல் பாட்டை நிறுத்தினார். நிறுத்தினால் ரப்பி இறங்கமாட்டார், அங்கேயேதான் நிற்பார், காற்று வேலையைப் பார்க்கும் என்பது உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், போகட்டுமே என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்காகப் பிறகு பல நாள் வெட்கப்பட்டார், ஆனால் நினைத்தது நினைத்ததுதான். பிறகு ஈர மணலில் தடுமாறி விழுந்து எழுந்து மறுபடி ஓடுகிற ரிப்காவைப் பார்த்தார். பந்தலுக்குக் கீழே நிற்கிற மகளைப் பார்த்தார்.

நான்காம் வாழ்த்தை மீன் ஏலம் போடுகிறவன்போலத் தொடங்கினார். சுருதியை விட்டு விலகினார், இன்னும் விலகினார், மூக்கால் பாடினார், ஒரு சொல்லை நடுவில் உடைத்து மீதியைக் கீச்சென்று முடித்தார். ரப்பி இறங்கத் தொடங்கினார். கேவலமாகப் பாடுவது அவ்வளவு சுலபம் இல்லை என்று எசேக்கியேலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, நாற்பது வருஷம் பழகிய தொண்டை தன்னையறியாமல் சரியான இடத்துக்கே போனது, போன ஒவ்வொரு தடவையும் தூரத்தில் ரப்பி ஒரு முழம் ஏறினார். அதைப் பிடித்து இழுத்து மறுபடி கெடுக்க வேண்டியிருந்தது. சம்பந்தி நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். ரப்பி அலைக்கு மேலே கணுக்கால் நனைகிற உயரத்துக்கு வந்ததும், இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிப்போன படகுக்காரர்கள் கோட்டைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். சொட்டச் சொட்ட வந்து பந்தலுக்குக் கீழே நின்றார். மீதி மூன்று வாழ்த்துகளும் பாடியாக வேண்டும், ரப்பி நிற்பது திறந்த வெளி, அதனால் மூன்றையும் அதே குரலில் எசேக்கியேல் பாடினார். முக்காட்டுக்குள் சிப்போரா அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் இப்போது வேறு அழுகை.

ஊரில் இரண்டு பேச்சு உண்டாயிற்று. செவ்வாய்க்கிழமையிலும் எழும்புகிற அளவுக்கு ரப்பியின் புனிதம் முற்றிவிட்டது, அவரே மனது வைத்து இறங்கி வந்தார் என்பது ஒன்று. பயத்தில் ஹஸானுக்குத் தொண்டை போய்விட்டது, பாவம், வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்பது இன்னொன்று. கல்யாணம் முடிந்து ஏழு நாள் விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது வழக்கம். சிப்போரா அப்பாவுக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. "வேணும்னுதான் பாடினீங்களா?" என்று புதன்கிழமை ஒரு தடவை மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

ரப்பியும் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வியாழக்கிழமை பாருக் போய்க் கதவைத் தட்டி, ஹஸானை மாற்றுவது பற்றிக் கூட்டம் கூடலாமா என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை கழியட்டும் என்று கதவுக்கு உள்ளேயிருந்தே சொன்னார்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. மாடத்தில் கொச்சிக்காரப் பெண்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாருக் கயிற்றோடு தயாராக நின்றார். ரப்பி வந்தார், கயிற்றைப் பார்த்தார், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சூரியன் இறங்கியது, இனி முடிச்சுப் போட முடியாது. எசேக்கியேல் நிலைமையைப் பார்த்தார். கயிறு இல்லை, மேலே பெரிய பெரிய சன்னல்கள் நான்கும் திறந்து கிடந்தன. சரி, இனிமேல் இதுதான் என் பாட்டு என்று முடிவு செய்துகொண்டு, முதல் சரணத்தைக் கரகரவென்று எடுத்தார். மாடத்தில் சிப்போரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரப்பியின் பாதம் இரண்டும் தரையில் இருந்தன. அவர் தூங்கவும் இல்லை.

மூன்றாம் சரணத்தில் ரப்பி எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பாடுகிற மேடைக்கு ஏறி எசேக்கியேலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாப் பாடும்வே," என்றார்.

"நீரு போய் உக்காரும்," என்றார் எசேக்கியேல்.

"நல்லாப் பாடும்ங்கேன்." ரப்பி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. என்னய மேல தூக்கினது என் புண்ணியம் ஒண்ணும் இல்ல. எங்கிட்ட அவ்வளவு கெடையாது, ரிப்காட்ட கேளுங்க. இந்த மனுசன் தொண்டை. அன்னைக்குக் கடல் மேல தொங்கும்போதே எனக்கு வெளங்கிட்டு. இவரு கெடுத்துப் பாடப் பாடத்தான் நான் எறங்கினேன். மக கல்யாணத்துல."

மாடத்தில் ரிப்கா, "மூணு நாளா இதத்தான் சொல்லப் பழகினாரு," என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னது கீழே வரைக்கும் கேட்டது.

"பாடினா நீரு சன்னல் வழியாப் போயிருவீரு," என்றார் எசேக்கியேல்.

ரப்பி கையை நீட்டினார். "பிடிச்சுக்கிடும்."

இத்தனை வாரமாக முடிச்சைப் பற்றிப் பேசியிருந்தார்கள், கயிற்றை அளந்திருந்தார்கள், படகா கிடாயா என்று தொண்டை வறளச் சண்டை போட்டிருந்தார்கள். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, அது அந்தப் பதினோரு வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை. இருபது வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் கை குலுக்கியதுகூட இல்லை.

எசேக்கியேல் பிடித்தார். கனத்த, சதைப்பற்றுள்ள கை. அடுத்த சரணத்தை எடுத்தார். குரல் முதலில் தயங்கியது, பிறகு தன் இடத்தைக் கண்டுபிடித்து அதில் போய் உட்கார்ந்தது. ரப்பி எழும்பினார், கை நீளுகிற அளவுக்கு எழும்பினார், இன்னும் எழும்பப் பார்த்தார். எசேக்கியேலின் குதிகால் தரையை விட்டது, பெருவிரல்களை ஊன்றி நின்று அவர் பாடினார். கடைசிச் சரணம் வந்தது, கூட்டம் முழுவதும் வாசல் பக்கம் திரும்பியது, மாடத்தில் ஒருத்தி மட்டும் திரும்பாமல், கைப்பிடியில் நெஞ்சு அழுந்தச் சாய்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உம்ம கை ஏன்வே இப்படி வேர்க்குது?" என்றார் ரப்பி மேலேயிருந்து.

எசேக்கியேல் பாட்டை விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.